நத்தைக்கு வைத்த உப்பு

யாக்கோபு தன் மருமகளிடம் நேராகப் பேசி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவள் பொங்கிப் போடும் சோற்றைத் தின்றுகொண்டு, அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் காலம் தள்ளுவது லேசான காரியம் இல்லை. அதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். பசி வந்தால் கூரையைப் பார்த்து, “சோறு ஆயிருச்சான்னு யாராச்சும் சொன்னா நல்லாருக்கும்” என்பார். வெந்நீர் வேண்டுமென்றால் முற்றத்தில் மேயும் கோழியிடம் சொல்வார். ஜோதிமேரியும் சளைத்தவள் இல்லை. கோழிக்குச் சொன்னது தன் காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளாமல் வெந்நீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள்.

அவருக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருந்தது. அதைக் கொண்டுபோய் வைத்த இடத்தில்தான் நியாயம் இல்லை. ஒரே மகன் பெஞ்சமினுக்குத் தன் தங்கை மகளை எடுப்பதாகப் பாம்பன் அறிய வாக்குக் கொடுத்திருந்தார். ஓரியூர்த் திருவிழாவுக்குப் போன மகன், பரமக்குடிப் பக்கத்தில் பயிர் வைத்துப் பிழைக்கும் சம்சாரி வேதமுத்துவின் மகளைப் பார்த்துவிட்டு வந்து, கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். கல்யாணம் நடந்தது. தங்கை அன்றோடு அண்ணன் வாசலை மிதிப்பதை விட்டாள். மனைவி போய் ஆறு வருஷம் ஆன மனிதருக்கு, தங்கையும் இல்லை என்று ஆனது பெரிய அடிதான். மகன்மேல் கோபித்துக்கொண்டால் கடலில் வள்ளம் இறக்க ஆள் கிடையாது. ஆகவே மருமகள்மேல் கோபித்துக்கொண்டார்.

அந்த மருமகள், கல்யாணமான மறுமாதம் தாய்வீடு போய்த் திரும்பும்போது நாலு சாக்கு மண்ணை ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தாள். அவளுடைய அய்யா கண்மாயில் வெட்டி எடுத்துக் கொடுத்த கரம்பை; கறுப்பு வண்டல். பொண்ணுக்குச் சீதனமாக மண்ணையா கொடுத்துவிட்டார்கள் என்று தெருவே சிரித்தது. யாக்கோபும் கோழியிடம் அதைச் சொல்லிச் சிரித்தார். ஜோதிமேரி வீட்டுக்குப் பின்னால் வேலியோரம் இடம் பார்த்து, மணலைத் தோண்டி, கரம்பை மணலோடு கலந்து வீணாகிவிடாமல் அடியில் வள்ளத்தின் பழைய பாய்த்துணி ஒன்றை விரித்து, அதன்மேல் மண்ணைப் பரப்பிப் பாத்தி கட்டினாள். ஒரு ஆள் படுத்து எழுந்திருக்கிற அளவுக்கு ஒரு பாத்தி. வாடைக்காற்றுக் காலம் வந்ததும் அதில் கோழிக்கொண்டையும் செவ்வந்தியும் வாடாமல்லியும் பூத்து நின்றபோது, சிரித்த தெரு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தது.

அந்த மார்கழியில் அவளுக்கு ஐந்தாம் மாதத்திலேயே கலைந்துபோயிற்று. அந்தச் சின்னதைத் துணியில் சுற்றிக்கொண்டுபோய்க் குழிவெட்டி மூடியது யாக்கோபுதான். திரும்பி வந்தபோது அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்போல் அவருக்கு இருந்தது. ஆனால் அந்த வார்த்தையைக் கோழியிடம் சொல்ல முடியாது. அவளிடம் நேராகச் சொல்லவும் வரவில்லை. வெளியே போய் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து உண்டானபோது அவள் மாதாவுக்கு ஒரு நேர்ச்சை வைத்தாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, நாற்பது நாள் கழிந்து, கையில் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வருகிற அன்றைக்கு, தன் கையால் தன் மண்ணில் வளர்த்த பூவைக் கொண்டுவந்து மாதா காலடியில் வைப்பதாக. கடைப்பூ கணக்கில் சேராது. கணக்குப் பார்த்தால் பிள்ளை கிறிஸ்மஸை ஒட்டிப் பிறக்கும். நாற்பது கழிவது தையில் வரும் மாதாவின் சுத்திகரத் திருநாளுக்குச் சரியாக வரும். பெஞ்சமின் இதைத் தகப்பனிடம் சொன்னபோது அவர் ‘ம்’ என்று மட்டும் சொன்னார். மனதுக்குள் நாள் எண்ண ஆரம்பித்துவிட்டார்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஐப்பசியில் நாற்று நட்டாள். ஏழாம் மாதம் அழைத்துப்போக வந்த வேதமுத்துவை, நாற்று வேர்பிடிக்கட்டும் அய்யா என்று திருப்பி அனுப்பினாள். ஒன்பதாம் மாதம் பிறக்கும்போது அவர் மறுபடி வந்து, இனிப் பொறுக்க முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பூப்பாத்தியை விட்டுப் போக வேண்டிய கட்டாயம். வாடைக்காற்றில் வடகடல் கொந்தளிக்கும் காலம். பாம்பன் ஆட்கள் வள்ளங்களைத் தென்கடல் பக்கம் கொண்டுபோய்க் கரையிலேயே குடிசை போட்டுத் தங்கித் தொழில் பார்ப்பார்கள். பெஞ்சமினும் போய்விடுவான். முழங்கால் வலியால் கடலுக்குப் போகாமல் கரையில் மீனுக்கு உப்புப் போட்டுக் காயவைக்கும் யாக்கோபு ஒருவர்தான் வீட்டில் இருப்பார்.

புறப்படுகிற அன்று ஜோதிமேரி மாமனார் முன்னால் வந்து நேராக நின்றாள்.

“மாமா, பாத்திய நீங்கதான் பாத்துக்கணும். வேற யாருட்டயும் சொல்ல எனக்கு மனசு வரல.”

யாக்கோபு கோழியைத் தேடினார். பாழாய்ப்போன கோழி அந்த நேரம் பார்த்து எங்கேயோ போய்விட்டது. வேறு வழியில்லாமல் அவள் முகத்தைப் பார்த்தார். பயந்துபோய், வயிற்றில் கைவைத்துக்கொண்டு நின்ற ஒரு சின்னப் பெண்ணின் முகம் அது. இவளோடா நான் ஒன்றரை வருஷம் மல்லுக்கட்டினேன் என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது.

“நான் பாத்துக்கிறேன், தாயி. நீ பிள்ளையப் பெத்துக்கிட்டு வா,” என்றார்.

அவள் எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். ஊற்றுத் தண்ணீர் மட்டும்தான் ஊற்ற வேண்டும். பச்சைப்புழு இலைக்கு அடியில் இருக்கும், புரட்டிப் பார்த்துக் கிள்ளி எறிய வேண்டும். செவ்வந்திக் குருத்தில் அசுவினிப் பூச்சி அடைந்தால் அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவ வேண்டும். மழைக்குப் பிறகு நத்தை வரும். விடிந்தவுடனே வெயில் ஏறுமுன் கையால் பொறுக்கித் தூரப் போட்டுவிட வேண்டும். “நத்தைக்கு வேற வைத்தியம் கிடையாது மாமா. பொறுக்கிக்கிட்டே இருக்கணும்,” என்று இரண்டு தடவை சொன்னாள்.

சும்மா சொல்லக்கூடாது, யாக்கோபு பார்த்துக்கொண்டார். விடியற்காலை பனியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பாத்தி முன்னால் குந்திவிடுவார். சுறாவையும் திருக்கையையும் பார்த்த மனிதர், நகத்தளவு பச்சைப்புழுவை இலைக்கு இலை புரட்டித் தேடினார். சாம்பல் சலித்தார். முழங்கால் மடக்க முடியாமல் வலிக்க, பாத்தியைச் சுற்றி நகர்ந்து நகர்ந்து நத்தை பொறுக்கினார். பொறுக்கியதைத் தகர டப்பாவில் போட்டு ரயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் கொட்டிவிட்டு வந்தார். பக்கத்து வீட்டு அலியார், சங்கு குளித்து ஓய்ந்தவர், யாக்கோபுவோடு ஒத்த வயசு. வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, “என்னப்பா, இன்னைக்கு எவ்வளவு பாடு?” என்று மீன்பாட்டை விசாரிப்பதுபோல் விசாரிப்பார். யாக்கோபு டப்பாவைக் குலுக்கிக் காட்டுவார். அந்த நாட்களில் அவர் சந்தோஷமாக இருந்தார். கோழிக்கொண்டை முழங்கால் உயரம் வந்து உச்சியில் சிவப்புக் கண்டது. மருமகள் வந்து பார்க்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்து அவரே சிரித்துக்கொள்வார்.

மார்கழி பிறப்பதற்கு நாலு நாள் இருக்கும்போது அடைமழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்து நின்ற பிறகு பார்த்தால், பாத்தி முழுவதும் நத்தை. வேலிக்கம்பில் நத்தை, தண்டில் நத்தை, குருத்தில் நத்தை. ஒரு டப்பா பொறுக்கி எறிந்துவிட்டு வருவதற்குள் இன்னொரு டப்பா வந்து நின்றது. செவ்வந்தி மொட்டுகளில் பாதி போய்விட்டது. அன்றும் மறுநாளும் பொறுக்கினார். மூன்றாம் நாள் முழங்கால் வீங்கிக் குந்தவே முடியவில்லை. மலேரியாவுக்காகச் சுவரில் அடிக்கிற மருந்தைக் கொஞ்சம் கேட்டு வாங்கித் தரட்டுமா என்று அலியார் கேட்டார். மாதாவுக்குப் போகிற பூவில் விஷமா என்று யாக்கோபு மறுத்துவிட்டார். அப்படிச் சொல்லிக்கொண்டு திரும்பியபோதுதான் வீட்டு மூலையில் உப்புச் சால் கண்ணில் பட்டது.

நத்தைமேல் உப்புப் பட்டால் கரைந்துவிடும் என்பது கடற்கரையில் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். யாக்கோபுக்கு அதற்கு மேலும் தெரியும். உப்பு அவருக்குத் தொழில். எந்த மீனுக்கு எத்தனை பிடி என்று கையே சொல்லும். தென்னம்பிள்ளை வைக்கிறபோது குழியில் உப்புப் போட்டுத்தான் வைப்பார். அவர் வைத்தது ஒன்றுகூடப் பட்டுப்போனதில்லை. ஞானஸ்நானத்தில் சாமியார் பிள்ளையின் நாக்கில் வைப்பதும் உப்புதானே. உப்பு கெட்டதைப் போக்கும், நல்லதைக் காக்கும். ஐம்பத்தெட்டு வயசுவரை அவர் வேறு விதமாகக் கண்டதில்லை.

ஒரு மரக்கால் உப்பை எடுத்து, மீனுக்குப் போடுகிற அதே அக்கறையோடு, செடிக்குச் செடி வட்டம் கட்டிப் போட்டார். விளிம்பு நெடுக வரப்பு மாதிரிக் குவித்தார். நத்தைகள் நுரை தள்ளிச் செத்தன. மறுநாள் ஒன்றுகூட இல்லை. அதற்கும் மறுநாள் இல்லை. யாக்கோபுக்குப் பெருமை தாங்கவில்லை. சம்சாரி வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாத ஒரு வைத்தியத்தை இந்தக் கடல்காரன் கண்டுபிடித்துவிட்டானே. வந்தவுடன் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு ஒரு தூறல் விழுந்தது. உப்பு கரைந்து மண்ணுக்குள் போயிற்று. நாலாம் நாள் இலை ஓரம் கருகியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இரண்டு குடம் அதிகமாக ஊற்றினார். இலைகள் தொங்கின. இன்னும் இரண்டு குடம் ஊற்றினார். ஒரு வாரத்தில் கோழிக்கொண்டை தலையைத் தொங்கப்போட்டது. பிடித்து நிமிர்த்தினால் கையோடு வந்தது. அலியார் வேலியைத் தாண்டி வந்து, மண்ணைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, “என்னத்தப்பா போட்ட?” என்றார். சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“தென்னை கடக்கரை மரம்ப்பா, தாங்கும். இது தாங்குமா? அடியில பாய்த்துணி வேற கிடக்கு. உப்பு எங்கிட்டுப் போகும்?”

யாக்கோபு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். பொறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவள் சொன்னாளே, இரண்டு தடவை சொன்னாளே என்பதுதான் திரும்பத் திரும்ப மனதில் ஓடியது. முழங்கால் வீங்கினால் என்ன, தவழ்ந்து பொறுக்கியிருக்கக் கூடாதா? அழுகையும் வரவில்லை. ஒரு பெண் தன்னை நம்பிக் கேட்ட முதல் காரியத்தைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்கிற நினைப்பு சோற்றை உள்ளே இறங்கவிடவில்லை.

கிறிஸ்மஸுக்கு முதல் நாள் கார்டு வந்தது. பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம், புஷ்பமேரி என்று பெயர் வைத்திருக்கிறோம் என்று வேதமுத்து எழுதியிருந்தார். அலியார்தான் வழி சொன்னார். இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. நேராகப் போய் நடந்ததைச் சொல்லு. அவர்கள் தோட்டத்தில் மொட்டு வைத்த செடியாகப் பார்த்து வேர்மண்ணோடு வாங்கிக்கொண்டு வா. கூடவே இரண்டு சாக்குக் கரம்பையும் கொண்டுவந்தால் புதுப்பாத்தி கட்டிவிடலாம். அவள் வீட்டு மண், அவள் வீட்டுச் செடி. வந்து தண்ணீர் ஊற்றினால் அவள் வளர்த்ததுதான். மாதாவுக்கு இது புரியாதா என்றார் அலியார், மாதாவை நெடுநாள் பழக்கம்போல. யாக்கோபுக்கு உயிர் வந்தது. இரண்டு காலிச் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினார்.

பரமக்குடியில் இறங்கி இரண்டு மைல் நடந்து போய்ச் சேர்ந்தபோது வேதமுத்து எழுந்து ஓடிவந்தார். சம்பந்தி முதல் தடவையாகத் தங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று அந்த வீடே பரபரத்தது. கால் கழுவத் தண்ணீர், குடிக்க மோர், கோழி அடிக்க ஒரு ஆள் ஓடினான். யாக்கோபு வாயைத் திறக்கப் போகும்போதெல்லாம் யாராவது எதையாவது கொண்டுவந்து நீட்டினார்கள். பிறகு பிள்ளை பெற்ற அறையின் கதவு திறந்து, ஜோதிமேரியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசல்படி வரை வந்தாள். வெளுத்துப்போயிருந்தாள். அவர் கையில் பிள்ளையைக் கொடுத்தாள். உப்பு அரித்துத் தடித்துப்போன கையில் அது பஞ்சு மாதிரிக் கிடந்தது. கை உறுத்துமோ என்று துண்டை விரித்து வாங்கிக்கொண்டார்.

“பாத்தி எப்படி இருக்கு மாமா?” என்றாள்.

சொல்லத்தான் வந்தார். வழி நெடுக ரயிலில் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் வந்தார். பச்சை உடம்புக்காரி. நேர்ச்சை கெட்டுப்போயிற்று என்று கேட்டால் தாங்குவாளா, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து பால் வற்றிப்போனால் என்ன செய்வது? இப்படியெல்லாம் யோசித்ததாகப் பின்னால் அவர் அலியாரிடம் சொன்னார். அதுவும் உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய உண்மை, அந்த முகத்தில் இருந்த மரியாதையை இழக்க அவருக்கு மனசு வரவில்லை. அப்போதுதான் கிடைத்திருந்தது.

“நல்லாருக்கு, தாயி,” என்றார்.

அந்த இடத்தில் நடந்ததைச் சொல்லியிருந்தால், அன்றைக்கு அவள் அழுதிருப்பாள், மறுநாள் சிரித்திருப்பாள். இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. உப்பால் கெட்டது ஒரு பாத்தி மண்தான். மற்றதெல்லாம் இந்த ஒரு வார்த்தையால் கெட்டது.

சாயங்காலம் வேதமுத்து தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். வாய்க்கால் ஓரம் கோழிக்கொண்டை மொட்டும் பூவுமாக அடர்ந்து கிடந்தது. யாக்கோபு அதையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனித்துவிட்டு, “என்ன சம்பந்தி, செடி ஏதும் வேணுமா? வேரோட பிடுங்கித் தரட்டுமா?” என்று அவராகவே கேட்டார். வேண்டும் என்று சொன்னால் ஏன் என்று கேள்வி வரும். முன்னால் சொன்ன பொய் இப்போது வாயைப் பொத்திவிட்டது. “வேணாங்க. அங்கனதான் ஏகத்துக்கும் கிடக்கே,” என்றார். காலிச் சாக்கு இரண்டையும் கொண்டுபோனபடியே திருப்பிக் கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் செய்ததையெல்லாம் நினைத்தால் எரிச்சலும் வருகிறது, பரிதாபமாகவும் இருக்கிறது. மேல்மண்ணைச் சுரண்டி எறிந்தார். வாடாமல்லி விதையைத் தூவி முளைக்குமா என்று பார்த்தார். முளைக்கவில்லை. தை வெயிலில் பாத்திமேல் வெள்ளையாக உப்புப் பூத்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறோம் என்று கார்டு வந்ததும், செத்த தண்டுகளையெல்லாம் பிடுங்கி எறிந்தார். பிறகு அலியார் வீட்டு வேலிக்குப் போய், முருங்கையில் ஒட்டிக் கிடந்த நத்தைகளைத் தகர டப்பாவில் பொறுக்கிக்கொண்டு வந்து பாத்தியில் விட்டார்.

அலியார் பார்த்துக்கொண்டே நின்றார். “ஊரெல்லாம் நத்தைய வெளிய போடும். நீ உள்ள போடுறியா?” என்றார் முதலில் கேலியாக. பிறகு விஷயம் விளங்கி அவர் முகம் மாறியது. “வேணாம் யாக்கோபு. சொல்லிரு. அந்தப் புள்ள சம்சாரி மக, மண்ணைப் பாத்தாத் தெரிஞ்சுக்கும்,” என்றார். யாக்கோபு காது கொடுக்கவில்லை.

பெஞ்சமின் தென்கடலிலிருந்து நேராக மாமனார் ஊருக்குப் போய் மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஞாயிறு மத்தியானம் வந்து சேர்ந்தான். ஜோதிமேரி வீட்டுக்குள்கூட நுழையவில்லை. பிள்ளையோடு நேராகப் பின்பக்கம் போனாள். யாக்கோபு பின்னாலேயே ஓடினார்.

“நத்தை, தாயி. கடைசி ஒரு வாரத்துல எல்லாத்தையும் தின்னுருச்சு. எவ்வளவோ பொறுக்கினேன்,” என்றார்.

அவள் வெறும் பாத்தியைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் அவரைப் பார்த்து, “விடுங்க மாமா. முழங்கால் வலியோட நீங்களும் என்னதான் செய்வீங்க. மாதாட்ட மன்னிப்புக் கேட்டுக்குவோம்,” என்றாள். அவள் அவரைத் தேற்றினாள். அதைக் கேட்டபோது யாக்கோபுக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் அவள் பிள்ளையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டுப் பாத்தி ஓரம் குந்தினாள்.

அவர் கொண்டுவந்து விட்ட நத்தைகள் ஒன்றுகூட உயிரோடு இல்லை. நுரை தள்ளி, காய்ந்து, ஓடாகக் கிடந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மண்மேல் பூத்திருந்த வெள்ளையை விரலால் தடவினாள். பிறகு ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தாள். வேதமுத்து வயலில் இறங்கினால் அப்படித்தான் செய்வார். அவளுக்கும் அது பிறவிப் பழக்கம். துப்பினாள். எழுந்திருக்காமலே கேட்டாள்.

“உப்பு யாரு போட்டது?”

அலியார் வேலிக்கு அந்தப் பக்கம் மெல்ல நகர்ந்து போய்விட்டார்.

“எங்க ஊர்ல ஒருத்தன் வம்சம் விளங்கக் கூடாதுன்னா, அவன் வயல்ல உப்பை வெதைப்பாக, மாமா. எம்மேல கோவம்னா என்னைய அடிச்சிருக்கலாம். எம் பிள்ளைக்கு நேந்ததுல காட்டிருக்க வேணாம்.”

யாக்கோபு பதறிப்போனார். உப்பில் அப்படி ஒரு அர்த்தம் இருப்பது அந்த நிமிஷம்வரை அவருக்குத் தெரியாது. நத்தைக்குத்தான் போட்டேன் தாயி, மாதா சத்தியமாக நத்தைக்குத்தான் போட்டேன், தென்னைக்குப் போடுவதில்லையா, அந்த மாதிரி நினைத்துப் போட்டேன் என்று சொன்னார். அத்தனையும் உண்மை. ஜோதிமேரி கேட்டுக்கொண்டாள். கோபமாகக்கூட இல்லை, புரிந்துகொள்ளப் பார்க்கிறவள் மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

“அப்ப எங்க ஊருக்கு வந்தன்னைக்கு நல்லாருக்குன்னு ஏன் சொன்னீங்க? இப்ப நத்தை தின்னுச்சுன்னு ஏன் சொன்னீங்க? வேணும்னு செய்யாதவுக எதுக்கு மறைக்கணும்?”

பெஞ்சமின் தகப்பனையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, பிள்ளையோடு நடுவில் நின்றான்.

நாற்பது கழிந்து கோயிலுக்குப் போகிற அன்று பெஞ்சமின் ராமேஸ்வரம் கடைத்தெருவில் பூ வாங்கிவந்து கொடுத்தான். அவள் தொடவில்லை. பிள்ளையையும் ஒரு மெழுகுவர்த்தியையும் மட்டும் கொண்டுபோய் மாதா முன்னால் முழங்காலிட்டு, அடுத்த தை வரைக்கும் தவணை கேட்டாள். யாக்கோபு கோயிலின் கடைசியில் நின்றார். அந்த வாரமே பாவசங்கீர்த்தனம் செய்தார். சாமியார் ஒரு செபமாலை சொல்லச் சொல்லி மன்னித்துவிட்டார். பாவத்துக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. ஜோதிமேரியின் மனசுக்குச் சாமியார் என்ன செய்வார், பாவம்.

சண்டை ஒன்றும் நடக்கவில்லை. சித்திரையில் பெஞ்சமின் அக்காள்மடத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு போனான். தொழிலுக்குத் தோதாக இருக்கும் என்றான். ஜோதிமேரி தாய்வீட்டிலிருந்து மறுபடி மண் கொண்டுவந்து அங்கே பாத்தி கட்டினாள். அடுத்த தையில் கோழிக்கொண்டை கொள்ளாமல் பூத்தது. மாதாவுக்குச் சொன்னபடி கொண்டுபோய் வைத்தாள். பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் தத்தித் தத்தி நடந்தது. பார்க்கப் போனால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

யாக்கோபு ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்து அக்காள்மடத்துக்கு நடந்து போவார். ஜோதிமேரி அவருக்கு ஒரு மரியாதைக் குறைவும் வைத்ததில்லை. வாங்க மாமா என்பாள். நல்ல மீனாகப் பார்த்துக் குழம்பு வைப்பாள். முழங்காலுக்குத் தைலம் காய்ச்சி வைத்திருந்து கொடுப்பாள். பேத்தியைத் தூக்கி அவர் மடியில் உட்காரவைப்பாள். வைத்துவிட்டு, பக்கத்திலேயே தூணில் சாய்ந்துகொண்டு நிற்பாள். முதலில் அவர் அதைக் கவனிக்கவில்லை. நாலைந்து ஞாயிறு போன பிறகுதான் கவனித்தார். பிள்ளை அவர் மடியில் இருக்கிறவரை அவள் அந்த இடத்தைவிட்டு நகர்வதே இல்லை. வெளியே யாராவது கூப்பிட்டாலும் நின்ற இடத்திலிருந்தே பதில் சொல்வாள்.

ஒரு ஞாயிறு அப்படித்தான் நின்றுகொண்டிருந்தாள். பெஞ்சமின் வீட்டில் இல்லை. பிள்ளை தாத்தாவின் மீசையைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தது. உள்ளே அடுப்பில் உலை பொங்கி வழிந்து, நெருப்பில் கஞ்சி விழும் சத்தம் கேட்டது. யாக்கோபு அவளைப் பார்த்தார். அவள் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்; பிறகு அவர் மடியைப் பார்த்தாள்; நின்ற இடத்திலேயே நின்றாள். சத்தம் கூடிக்கொண்டே போயிற்று. கஞ்சி கருகும் வாசனை வந்தது.

யாக்கோபு மீசையிலிருந்து பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார்.

“பிள்ளைய வாங்கிக்க, தாயி. சோறு பொங்குது,” என்றார்.

அவள் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.